பெவர்லி அன்ரியின் முறைப்பாட்டுச் சனிக்கிழமைகள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சட்டனில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. ஊரில் சண்டை இறுகிக்கொண்டு போகும் இந்த நாட்களில், வேலை நேரத்தில் வரும் எந்த அழைப்பையும் நான் எழுந்து நின்றுதான் எடுக்கிறேன். இந்த முறை யார் என்ற கேள்வியோடுதான் காதில் வைக்கிறேன்.

"பெவர்லி அன்ரி மோசம் போயிட்டா," என்றாள் அக்கா. "காலமை ஆறு மணிக்காம். கிரேஸ் இப்பதான் எடுத்துச் சொன்னவ."

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

"லைன்ல நிக்கிறியே? எனக்கு அழுகை வரேல்லையடி. சரியான கோபம் வருது. ஆரையாவது பிடிச்சுப் பேசோணும் போல கிடக்கு."

"பேசு," என்றேன். பெவர்லி அன்ரி இருந்திருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

எங்கள் பெண்கள் சங்கத்தின் இந்த இதழை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பெயர் தெரியாமல் இருந்திருக்கலாம். நகரசபைக் கவுன்சில் அலுவலகத்தில், அரச உதவிப்பணம் தரும் பெனிபிட் பகுதியில், மூன்றாவது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர். ஒல்லியான, நெடிய கழுத்துள்ள கறுப்பினப் பெண். மூக்குக்கண்ணாடியை மணிச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார். உங்களில் சிலர் அவருக்கு 'ஜமேக்கா' என்று பெயர் வைத்திருந்தீர்கள். அவர் ஜமேக்காவைப் பார்த்தது இரண்டே தடவைதான். பிறந்தது இங்கே, பிரிக்ஸ்டனில். அவருடைய பெற்றோர்தான் அங்கிருந்து வந்தவர்கள்.

அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் நினைவில் அவர் என்னோடு எங்கள் வீட்டுத் தமிழில்தான் கதைக்கிறார். அப்படியே எழுதுகிறேன்.

பட்டம் பெற்ற அந்தக் கோடையில் நான் அங்கே தற்காலிக வேலைக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டமளிப்புப் படத்தை அப்பா சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். ஆனால் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிற்பவருக்கு என் குரல் எட்டவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "பிள்ளை, வாய் அசையுது, சத்தம் வரேல்லை" என்றார். பக்கத்துக் கதிரையில் இருந்த பெவர்லி தன் பேனாவால் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார்.

"இது தடிப்பான கண்ணாடி. நீ வெக்கப்படுறாய் எண்டு அதுக்குத் தெரியாது. உரத்துச் சொல்லு."

அவரை வெறும் பெயர் சொல்லி அழைக்க எனக்கு வாய் வரவில்லை. அன்ரி என்றேன். "நான் எப்பவடி உன்ர கொம்மாவுக்குத் தங்கச்சியானன்?" என்று கேட்டார். பிறகு அலுவலகத்தில் வேறு யாராவது தன்னை அன்ரி என்று அழைக்காவிட்டால் குறைப்பட்டுக்கொள்ளத் தொடங்கினார்.

அவருடைய மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. முறைப்பாட்டுப் படிவங்களைக் கீழ் இழுப்பறையில் வைக்க வேண்டும், கேட்பவருக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்பது மேலாளரின் விருப்பம். பெவர்லி அன்ரி அவற்றை மேசைக்கு மேலே, கைக்கு எட்டும் இடத்தில் அடுக்கி வைத்திருப்பார். தலையாட்டிவிட்டுத் திரும்பப் போகும் நம்மவர்களைக் கூப்பிட்டு, "உங்களுக்கு இது சரியெண்டு படுதோ? படேல்லையெண்டா இதில எழுதித் தாங்கோ" என்பார். முறைப்பாடு செய்பவன் உறவை முறிக்கிறவன் இல்லை என்பது அவருடைய எண்ணம். "நம்பிக்கை இல்லாதவன் முறைப்பாடு எழுதமாட்டான். பேசாமல் வீட்ட போயிடுவான்" என்று ஒருநாள் சொன்னார். அது எவ்வளவு பெரிய சொல் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவருடைய ஒரே மகள் நடாலி இறந்துபோனாள். வயது பத்தொன்பது. கறுப்பின மக்களிடையே அதிகம் காணப்படும் ஒரு இரத்த நோய் அவளுக்கு இருந்தது. இரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து இரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும், தாங்க முடியாத வலி வரும். கடைசி முறை அவசரப் பிரிவுக்குப் போனபோது, வலி மருந்துக்காக நடிக்கிறாளோ என்று அங்கே வேலை செய்த ஒருவர் சந்தேகப்பட்டார். தாயும் மகளும் பிளாஸ்டிக் கதிரைகளில் காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில்தான் எல்லாம் முடிந்தது.

அவர்கள் வழக்கப்படி ஒன்பது நாட்கள் வீட்டில் ஆட்கள் கூடுவார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனேன். எங்கள் செத்தவீடுகளைப் போல அங்கே யாரும் குரல் தாழ்த்தவில்லை. கூடத்தில் பாட்டு, குசினியில் மீன் பொரியும் சத்தம், மூலையில் வயதானவர்கள் டொமினோக் கட்டைகளை மேசை அதிர அடித்து விளையாடினார்கள். நான் ஒரு சுவரோரமாக இருந்து, தந்ததைச் சாப்பிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக் குளித்தேன்.

வேலைக்குத் திரும்பியபின் பெவர்லி அன்ரி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு கிழமை பொறுத்தேன். தேத்தண்ணி போடும் அறையில் வைத்து என்ன பிழை செய்தேன் என்று கேட்டேன்.

"என்ர பிள்ளைக்காக வந்தாய். சாப்பிட்டாய். ஒரு சொல்லுச் சொல்லாமல் எழும்பிப் போனாய். அந்நியர் வீட்டுக் கலியாணத்தில புகுந்து சாப்பிட்ட ஆள் மாதிரி."

செத்தவீட்டில் 'போயிட்டு வாறன்' என்று சொல்லக் கூடாது, சொன்னால் இப்படி ஒரு காரியத்துக்கு மறுபடி வருவேன் என்று ஆகிவிடும், அதனால்தான் பேசாமல் போவோம் என்று திக்கித் திக்கி விளக்கினேன். அவர் கேத்தலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, நடாலி போனபின் நான் பார்த்த முதல் சிரிப்பைச் சிரித்தார்.

"அப்ப இனி இந்த வீட்டில சாவு வேண்டாம் எண்டுதானே வாயை மூடிக்கொண்டு போனனீ? நாங்களும் அதைத்தான் சொல்லுறம் பிள்ளை. என்ன, நாங்கள் கூரை பறக்கச் சொல்லுறம்."

நடாலியின் அடக்கத்தில் போதகர், கடவுள் தன் தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டார் என்று சொல்லியிருக்கிறார். ஆராதனை முடிந்து வாசலில் கை குலுக்கும்போது பெவர்லி அன்ரி அவரிடம் கேட்டாராம்: "அவருக்குத்தான் சொந்தமாத் தோட்டம் இருக்கே. என்ர முற்றத்துக்கு ஏன் வந்தவர்?" சில மாதங்களில் கணவரும் போய்விட்டார், பேர்மிங்ஹாமில் இன்னொரு பெண்ணிடம். நடாலியின் அறைக் கதவைத் தாண்டி நடக்கத் தன்னால் முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். தேவாலயத்துச் சகோதரிகள் வந்து, நீ பலமானவள், தாங்குவாய் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே பெவர்லி அன்ரிக்கு மூக்கு விடைக்கும்.

"ஒரு கறுப்புப் பொம்பிளையைப் பாத்து நீ பலமானவள் எண்டு சொல்லிப்போட்டா, அதுக்குப் பிறகு அவளுக்கு ஒருத்தரும் ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுக்கத் தேவையில்லை. அவளுக்கு நோகுது எண்டா நம்பவும் தேவையில்லை. என்ர பிள்ளையை அந்தச் சொல்லுத்தான் சாகடிச்சது."

ஆனால் அவர் தேவாலயத்தை விடவில்லை. அதன் பின்னறைச் சாவியைக் கேட்டு வாங்கினார். சனிக்கிழமைகளில் இரண்டு மணிக்கு அங்கே பெண்களைக் கூட்டினார். கணவனை, பிள்ளையை, மனதை இழந்தவர்கள். அநேகமாக எல்லோரும் அவரைப் போன்ற கறுப்பினப் பெண்கள். வட்டமாகக் கதிரைகள் போட்டு, நடுவில் ஒரு வெறுங் கதிரை வைத்தார். அது கடவுளுக்கு. பேச விரும்புகிறவர் எழுந்து அந்தக் கதிரையைப் பார்த்துத் தன் முறைப்பாட்டைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் புத்தி சொல்லக் கூடாது. முடிந்ததும், "கேட்டோம்" என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு பாட்டு. 'கடவுளின் சித்தம்' என்றோ 'பலமாக இரு' என்றோ யாராவது வாய் தவறிச் சொன்னால், அன்றைய கோப்பைகள் முழுவதையும் அவர்தான் கழுவ வேண்டும். நான் உதவிக்கென்று போன முதல் நாளே பதினொரு கோப்பைகள் கழுவினேன்.

கிரேஸை அங்கேதான் சந்தித்தேன். கானாக்காரி, ஹவுன்ஸ்லோவில் இருந்து விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்கிறவர். ஊரில் கணவர் இறந்தபோது அவருக்கு இங்கே வதிவிட அனுமதி கிடைத்திருக்கவில்லை; போனால் திரும்பி வர முடியாது. நாள் முழுக்க விமானங்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நிலம் துடைத்தவர். ஒரு சனிக்கிழமை அவர் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கதிரையிடம் கேட்டார்: "கடலைப் பிளந்தனீர் எண்டு பெருமையாச் சொல்லுறியள். ஒரு விசா எடுத்துத் தர ஏலாமல் போச்சோ?" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டார். அழுகை நிற்க வெகு நேரமானது. யாரும் அவரைத் தேற்றவில்லை. பெவர்லி அன்ரி போய்ப் பக்கத்தில், தரையில், கால்களை நீட்டிக்கொண்டு இருந்தார். அவ்வளவுதான்.

இனி எங்கள் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கும். அப்படி இருப்பதுதான் எங்கள் பிழை.

அக்காவுக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் கையில் வைத்திருந்தாள். அடக்கத்துக்கு அத்தானும் அவருடைய ஒரு நண்பரும் போனார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்று அக்காவை யாரும் கூட்டிப்போகவில்லை. எங்கே என்று அவள் கேட்கவும் இல்லை. வாங்கி வைத்த உடுப்புகளை அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டார். "உயிரோட பிறக்காத பிள்ளைக்கு என்ன செத்தவீடு? வெளியில கதைக்காதை. அடுத்தது வந்தா எல்லாம் மறந்திடும்" என்றார். வந்தவர்களிடம் அக்காவுக்குக் காய்ச்சல் என்று சொன்னோம். நானும் சொன்னேன். அக்கா பேசுவதை நிறுத்திக்கொண்டாள். முதலில் வெளியாட்களோடு, பிறகு அத்தானோடு, பிறகு என்னோடு. ஒருநாள் அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தாள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு, இவளை நாங்கள் இழந்துகொண்டிருக்கிறோம் என்று விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை அவளைப் பின்னறைக்குக் கூட்டிப் போனேன். கதைக்கச் சொல்லி அவளை ஒருவரும் நெருக்கக் கூடாது என்று பெவர்லி அன்ரி முதலே சொல்லிவிட்டார். ஐந்து சனிக்கிழமைகள் அக்கா கோட்டைக் கூடக் கழற்றாமல் இருந்தாள். யாரோ தேத்தண்ணி தந்தார்கள். குடித்தாள். ஐந்தாம் கிழமை கோப்பையைத் தானே கொண்டுபோய் வைத்தாள். அதையே நான் பெரிய விஷயமாக வீட்டில் அத்தானிடம் சொன்னேன்.

ஆறாம் சனிக்கிழமை போதகர் வந்தார். பின்னறையில் கடவுளைத் திட்டுகிறார்கள், வேற்று மதத்தவர்களும் வருகிறார்கள் என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார். "சகோதரி பெவர்லி, இது முறுமுறுப்பு. இது விசுவாசம் இல்லை. நன்றி சொல்லப் பழக்குங்கோ இந்தப் பிள்ளையளை."

"பாஸ்டர், நான் இருபது வருஷமா முறைப்பாடு வாங்கிற வேலை செய்யிறன்," என்றார் பெவர்லி அன்ரி. "அந்தப்பக்கம் ஒருத்தரும் இல்லையெண்டு நினைக்கிறவன் வரிசையில நிக்கமாட்டான். இவையள் எல்லாரும் வரிசையில நிக்கினம். இதைவிட என்ன விசுவாசம் வேணும் உங்களுக்கு?"

போதகர் பதில் சொல்ல வாய் திறந்தபோது அக்கா எழுந்தாள். கோட்டு உடம்பில்தான் இருந்தது. வெறுங் கதிரையைப் பார்த்துத் தமிழில் தொடங்கினாள்.

"உனக்குக் கண் இல்லையாடா? எட்டு மாசம் வைச்சிருந்தனான். கால் ரெண்டும் என்ர கால் மாதிரி. ஆரணி எண்டு பேர் வைச்சனான். ஒருத்தரும் கேக்கேல்லை. என்ன பேர் எண்டு ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை. நீயும் கேக்கேல்லை."

இன்னும் பலது சொன்னாள். கடவுளை ஒருமையில் பேசினாள். அம்மா கேட்டால் காதைப் பொத்தும் சொற்களும் இருந்தன. அந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. அவள் நிறுத்தியதும் அத்தனை பெண்களும் ஒரே குரலில், "கேட்டோம்" என்றார்கள். போதகர் தொப்பியை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் மெதுவாக அதையே சொன்னார்.

குழந்தையை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று பெவர்லி அன்ரி கேட்டபோது, எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அத்தானிடம் கேட்டுச் சொன்னேன்: கவுன்சில் மயானம். திங்கட்கிழமை காலை ஒரு அழைப்பில் புதைத்த இடத்தின் இலக்கத்தை எடுத்துவிட்டார். வந்த சனிக்கிழமை கிரேஸையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா கதவை மறித்துக்கொண்டார். பெண்கள் சுடலைக்குப் போகக் கூடாது என்று என்னைச் சொல்லச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

பெவர்லி அன்ரி வேலை அட்டையைக் கழுத்திலிருந்து எடுத்து அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். "கொம்மாட்டச் சொல்லு, நான் பொம்பிளையா வரேல்லை. கவுன்சிலால வந்திருக்கிறன்."

அம்மாவுக்கு விளங்கியது 'கவுன்சில்' என்ற ஒரு சொல்தான். அது போதுமாக இருந்தது. இந்த நாட்டில் அம்மா பயப்படும் ஒரே தெய்வம் அது. வழியை விட்டார். நாங்கள் காரில் ஏறும்போது செருப்பைக் கொளுவிக்கொண்டு பின்னால் வந்தார்; கையில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த, பச்சை மூடி போட்ட பால் போத்தல்.

சிறு குழந்தைகளின் பகுதி வேலியோரம் இருந்தது. இலக்கம் எழுதிய ஒரு மரக்கட்டை மட்டும். அக்கா அதன் பக்கத்தில் ஈரப் புல்லில் முழங்கால் குத்தி இருந்தாள். அம்மா போத்தலைத் திறந்து பால் ஊற்றினார். "பேரைச் சொல்லு," என்றார் பெவர்லி அன்ரி. அக்கா மெல்லச் சொன்னாள். "ரோட்டில போறவனுக்குக் கேக்கோணும்." அக்கா கத்தினாள். கிரேஸ் கத்தினார். பெவர்லி அன்ரி முதலில் ஆரணியின் பெயரையும், பிறகு நடாலியின் பெயரையும் கத்தினார். தூரத்தில் நாயோடு நடந்தவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் குடும்பம் இந்த நாட்டில் அவ்வளவு சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

போன வருடம் பெவர்லி அன்ரிக்கு வயிற்றில் வலி தொடங்கியது. வாயு என்று பல மாதம் குளிசை கொடுத்தார்கள். கடைசியில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது எல்லா இடமும் பரவியிருந்தது. நீங்கள் ஒரு போராளி என்று உற்சாகப்படுத்த வந்த இளம் வைத்தியரிடம், "எனக்குச் சண்டை பிடிக்க விருப்பமில்லை தம்பி. நோகுது. மருந்தைக் கூட்டு" என்று சொன்னார். நான் போன ஒருநாள் மருந்து நேரம் கடந்துகொண்டே இருந்தது. அவரால் குரல் எழுப்ப முடியவில்லை. என்னை மட்டும் பார்த்தார். நான் எழுந்து தாதியரின் மேசைக்குப் போனேன். "மூன்றாம் கட்டிலுக்கு இப்ப மருந்து வேணும். இல்லையெண்டா முறைப்பாட்டுப் படிவம் தாங்கோ. நான் இதிலயே நிண்டு எழுதுறன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கூடம் முழுவதற்கும் கேட்டது. மருந்து வந்தது. திரும்பி வந்தபோது பெவர்லி அன்ரி கண்ணை மூடியபடியே, "எண்டாலும் கொஞ்சம் உரத்துச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

அவருடைய இறுதி ஆராதனையில் அதே போதகர்தான் பேசினார். "எங்கள் சகோதரி ஒரு பலமான..." என்று தொடங்கி நிறுத்தினார். முன்வரிசையில் கிரேஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கள் சகோதரி களைத்துப் போயிருந்தார். நாங்கள் போதுமான அளவு உதவி செய்யவில்லை" என்றார். தேவாலயத்தில் அப்படி ஒரு வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த கிழமை, சட்டனில், பூப்பெய்திய ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டு மண்டபத்தில் அக்காவும் அம்மாவும் நானும் சாப்பாட்டுக்கு இருந்தோம். எங்களுக்குத் தூரத்து உறவான ஒரு மாமி அக்காவிடம் கேட்டார்.

"கலியாணம் முடிச்சுக் கனகாலம் என்ன? எத்தினை பிள்ளையள்?"

நான் வழக்கம்போல் இலையைப் பார்த்தேன்.

"ஒண்டு," என்றாள் அக்கா. "மகள். ஆரணி. பிறக்க முன்னமே செத்துப் போனா."

மாமியின் கை அப்பளத்தோடு நின்றது. "ஐயோ பிள்ளை, நல்ல காரியம் நடக்கிற இடத்தில... அதையெல்லாம் மறந்து, மனசைப் பலமாக்கி..."

"மறக்கச் சொல்லாதையுங்கோ," என்றது அம்மாவின் குரல். அம்மா சாம்பார் வாளிக்காரரை மறித்து நிறுத்திவிட்டு மாமியின் பக்கம் திரும்பியிருந்தார். "இருந்திருந்தா இப்ப பள்ளிக்கூடம் போற வயசு. கால் ரெண்டும் இவளின்ர கால் மாதிரியே. நான் பாக்கேல்லை. இவள் பாத்தவள்."

மாமி அப்பளத்தை இலையில் வைத்தார். அக்கா இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பெவர்லி அன்ரியிடமிருந்து நான் என்ன வைத்திருக்கிறேன் என்று இந்தக் கட்டுரைக்காக யோசித்தேன். அவர் எனக்கு ஆறுதல் எதுவும் விட்டுப் போகவில்லை. அவருக்கு அதில் நம்பிக்கையும் இருக்கவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, கேட்கும் உரிமை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன். மூலஸ்தானத்துக்கு நேரே நின்று, ஐம்பத்தொரு வயதில் அவரை ஏன் எடுத்தாய், நடாலிக்கு ஏன் அந்த வலி, ஆரணி உனக்கு என்ன செய்தாள் என்று கேட்கிறேன். முணுமுணுக்கவில்லை, பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். போன கிழமை ஐயர் தீபத் தட்டோடு வந்து, "என்னம்மா வேண்டுதல்?" என்று கேட்டார்.

"வேண்டுதல் இல்லை ஐயா," என்றேன். "பதிலுக்கு நிக்கிறன்."